யானைக்காலுக்கு விலை போட்ட கதை

கொல்லாத நோய்க்கு ஒரு சங்கடம் இருக்கு. இறப்புப் பதிவேட்டுல அதுக்கு இடம் கிடையாது. காலரா, பெரியம்மை, பிளேக் எல்லாம் வந்தால் ஊரே காலியாகும், கலெக்டர் ஓடி வருவார், அரசாங்க அறிக்கையில எண்ணிக்கை ஏறும். யானைக்கால் வந்தவர் அதனால சாக மாட்டார். நாற்பது வருஷம் அந்தக் காலை இழுத்துக்கிட்டு நடப்பார். கடைசியில வேற ஏதோ ஒண்ணுல போய்ச் சேருவார். அந்த நாற்பது வருஷத்தை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைக்கல.

பிறகு ஒரு கட்டத்துல சில பேர் எழுத ஆரம்பிச்சாங்க. உயிர்க் கணக்கா இல்லாம, நாள் கணக்கா, ரூபாய்க் கணக்கா எழுதினாங்க. இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பத்தினது. நெய்வேலிக்காரனான எனக்கு இதுல கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு. கணக்குப் போட்டவங்க இங்கிருந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கிற பாண்டிச்சேரிக்காரங்க. நாட்டுலயே முதல் தவணையா மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட ஒரு சில மாவட்டங்கள்ல எங்க கடலூர் மாவட்டமும் ஒண்ணு.

(டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, பொருளாதாரம் படிச்சவனும் இல்லை. பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு.)

உயிருக்கு விலை போட்ட முன்னோடிகள்

நோய்க்குப் பணத்துல விலை போடறது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 17ஆம் நூற்றாண்டுலயே இங்கிலாந்துல வில்லியம் பெட்டின்னு ஒருத்தர் இதைச் செஞ்சிருக்கார். ஒரு ஆள் உழைச்சு நாட்டுக்கு என்ன கொண்டு வர்றான்னு பார்த்து, மனுஷ உயிருக்கு பவுண்டுல ஒரு மதிப்புப் போட்டார். பிளேக் சமயத்துல மக்களைக் காப்பாத்த அரசாங்கம் செலவழிச்சா, அந்தப் பணம் பல மடங்காத் திரும்பி வரும்னு வாதாடினார். 1873ல ஜெர்மனியில மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் மியூனிக் நகரத்துக்கு ஆரோக்கியத்தோட மதிப்பு என்னன்னு ரெண்டு சொற்பொழிவு கொடுத்தார். சாக்கடையும் நல்ல தண்ணியும் தர்மம் இல்லை, முதலீடுன்னு நகரத்துப் பெரிய மனுஷங்களுக்குப் புரிய வைக்க அவர் எடுத்த வழி அது.

இந்தியாவுல இந்த வேலையை ஆரம்பிச்சவர் ஜான் சிண்டன். ராணுவ டாக்டர். முதல் உலகப் போர்ல 1916ல மெசபடோமியாவுல காயம்பட்ட பிறகும் சிகிச்சை கொடுத்துக்கிட்டே இருந்ததுக்காக விக்டோரியா கிராஸ் வாங்கினவர். பிறகு ராயல் சொசைட்டி ஃபெல்லோவும் ஆனார். இந்த ரெண்டு கௌரவமும் சேர்ந்து வாங்கின ஆள் உலகத்துல இவர் ஒருத்தர்தான். இந்திய மலேரியா ஆய்வு அமைப்போட இயக்குநரா இருந்தப்போ, 1935-36ல ‘மலேரியாவால் இந்தியாவுக்கு என்ன செலவு’ங்கிற தலைப்புல நீளமான கட்டுரை ஒண்ணு எழுதினார். சாவை மட்டும் எண்ணாம, அறுவடை நேரத்துல படுத்துட்ட கூலி, தேயிலைத் தோட்டத்துல குறைஞ்ச ஆள், ரயில்வேக்குப் போன நஷ்டம்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டு வந்து வெச்சார். காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் இல்லை, வயல்லயும் கஜானாவுலயும் இருக்குன்னு வெள்ளைக்கார சர்க்காருக்குச் சொன்ன கட்டுரை அது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1953ல தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் காய்ச்சல், எட்டு லட்சம் சாவுங்கிற மதிப்பீடு அதுக்குப் பின்னால இருந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு 1955ல யானைக்காலுக்கும் தேசியத் திட்டம் வந்தது. ஆனா மலேரியாவுக்குக் கிடைச்ச பணமும் கவனமும் இதுக்குக் கிடைக்கல. காரணம் முதல் பத்தியில சொன்னதுதான். காட்டறதுக்குச் சாவு இல்லை.

மூணு பெட்டிக் கணக்கு

நோயோட செலவைக் கணக்குப் போடறவங்க பொதுவா மூணு பெட்டி வெச்சுக்கறாங்க.

முதல் பெட்டி, நோய்க்காக நேராக் கையை விட்டுப் போற பணம். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ஊசி, ஸ்கேன். ரெண்டாவது பெட்டி, மருத்துவம் இல்லாத ஆனா நோயால வர்ற செலவு. பஸ் டிக்கெட், ஆட்டோ, கூட வர்றவங்களுக்குச் சாப்பாடு, கடன் வாங்கினா வட்டி. மூணாவது பெட்டி, வேலைக்குப் போகாததால வராம போன பணம். இதைத்தான் மறைமுகச் செலவுன்னு சொல்றாங்க. 1966ல அமெரிக்காவுல டோரதி ரைஸ்னு ஒரு அம்மா இந்தப் பெட்டிகளை ஒழுங்குபடுத்தி, எல்லா நோய்க்கும் ஒரே முறையில விலை போடற வழியைப் பிரபலமாக்கினாங்க. இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலும் அந்தச் சட்டகம்தான்.

கேட்க சுலபமா இருக்கு இல்லையா? இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நெய்வேலி எப்படிப்பட்ட ஊர்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 1956ல நிலக்கரி நிறுவனம் வந்தது. 1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1962ல ரஷ்யா உதவியோட அனல்மின் நிலையம். சுத்தியிருந்த கிராமங்களோட நிலம் போய், வட்டம் வட்டமா டவுன்ஷிப் எழுந்தது. அதனால இங்க ரெண்டு உலகம் பக்கத்துப் பக்கத்துல. மாசச் சம்பளம், குவார்ட்டர்ஸ், கம்பெனி ஆஸ்பத்திரி, சம்பளத்தோட மருத்துவ விடுப்புன்னு ஒரு உலகம். ஆர்ச்சைத் தாண்டினா அன்னன்னிக்குக் கூலி, அன்னன்னிக்கு அரிசின்னு இன்னொரு உலகம்.

ரெண்டு பேரைக் கற்பனை பண்ணிக்கங்க. (எண்கள் கணக்குப் புரியறதுக்காக நான் போட்டவை.) ஒருத்தர் நிரந்தரத் தொழிலாளி, ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய். இன்னொருத்தர் பக்கத்துக் கிராமத்துத் தினக்கூலி, நாளைக்கு 100 ரூபாய். ரெண்டு பேருக்கும் யானைக்கால். வருஷத்துக்கு நாலு தடவை குளிர் காய்ச்சல் வந்து, கால் வீங்கி, தடவைக்கு நாலு நாள் படுக்கை. ஆக 16 நாள்.

நோயாளியோட பக்கத்துலருந்து பார்த்தா, நிரந்தரக்காரருக்கு நஷ்டம் பூஜ்யம். விடுப்புக்கும் சம்பளம் வந்துடுது, மருந்து கம்பெனி ஆஸ்பத்திரியில. தினக்கூலிக்கு 1,600 ரூபாய் கூலி போச்சு, ஊசி மருந்து பஸ் காசு தனி.

சமுதாயத்தோட பக்கத்துலருந்து பார்த்தா கணக்கு தலைகீழாகுது. வேலை நாளோட மதிப்பு அதுக்குக் கிடைக்கிற சம்பளம்தான்னு வெச்சுக்கறது ஒரு முறை. மனித மூலதன முறைன்னு பேர். அதன்படி நிரந்தரக்காரரோட 16 நாள் 9,600 ரூபாய். தினக்கூலியோடது 1,600தான். அதாவது ஆறு தினக்கூலிக்காரங்க படுத்தாதான் ஒரு நிரந்தரக்காரர் படுத்ததுக்குச் சமம்!

1990கள்ல நெதர்லாந்துப் பொருளாதாரக்காரங்க இன்னொரு முறை கொண்டு வந்தாங்க. ஒருத்தர் படுத்தா அவர் இடத்துக்கு வேற ஆள் வர்ற வரைக்கும்தான் சமுதாயத்துக்கு நஷ்டம், அதுக்கப்புறம் வேலை நடந்துடுதேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதை நம்ம ஊர்ல போட்டுப் பாருங்க. விடிகாலையில கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்துல பத்து வேலைக்கு முப்பது பேர் நிக்கறாங்க. நம்ம ஆள் வரலைன்னா அடுத்த நிமிஷம் வேற ஒருத்தர் லாரியில ஏறிடுவார். இந்த முறைப்படி தினக்கூலி படுத்ததால சமுதாயத்துக்கு நஷ்டம் ஏறக்குறைய ஒண்ணுமே இல்லை. அவர் வீட்டு அடுப்பு எரியல, அது வேற விஷயம்.

கணக்குல தப்பு எதுவும் இல்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. யார் பக்கத்துல நின்னு எண்ணறோம்ங்கிறதுதான் விடையை மாத்துது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

பாண்டிச்சேரிக்காரங்க எண்ணின விதம்

யானைக்கால் கிருமியை மனுஷ ரத்தத்துல முதல்ல பார்த்தது நம்ம நாட்டுலதான். 1872ல கல்கத்தாவுல திமோதி லூயிஸ். 1877ல சீனாவுல பாட்ரிக் மான்சன், இந்தப் புழு கொசுவுக்குள்ள வளருதுன்னு கண்டுபிடிச்சார். கொசுவுக்கும் மனுஷ நோய்க்கும் முடிச்சுப் போட்ட முதல் கண்டுபிடிப்பு அது. மலேரியா விஷயத்துல ரொனால்ட் ராஸ் வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி. குட்டிப் புழுக்கள் ராத்திரியிலதான் ரத்தத்துல சுத்தும். அதனாலதான் சுகாதாரத் துறைக்காரங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. அந்தக் காலத்துக் கும்பகோணம், பாண்டிச்சேரி ஆட்களுக்கு இது நல்லா ஞாபகம் இருக்கும்.

1975ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாண்டிச்சேரியில நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை ஆரம்பிச்சது. பி.கே.ராஜகோபாலன் தலைமையில 1981லருந்து அஞ்சு வருஷம், சாக்கடையைச் சரி செஞ்சு, தேங்கின தண்ணியை ஒழிச்சு, கிணத்துல மீன் விட்டு, ஊர்ல கொசுவைக் குறைச்சாங்க. அப்ப எடுத்த ரத்தப் பரிசோதனை விவரங்களோட பயன் பிற்பாடு தெரிஞ்சது. அதுக்குக் கடைசியில வர்றேன்.

1990கள்ல அதே மையத்துல கே.டி.ராமையா, பி.கே.தாஸ், கே.ராமு இவங்களும், வெளிநாட்டுலருந்து சில பொருளாதாரக்காரங்களும் சேர்ந்து கிராமத்துல இறங்கினாங்க. அவங்க செஞ்சது ரொம்ப எளிமையான காரியம். யானைக்கால் இருக்கிற ஒருத்தர், அதே வயசு, அதே தொழில்ல யானைக்கால் இல்லாத இன்னொருத்தர்னு ஜோடி சேர்த்தாங்க. ரெண்டு பேரும் இன்னிக்கு என்ன வேலை செஞ்சாங்க, எத்தனை மணி நேரம், வைத்தியத்துக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு எழுதினாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நோய் தின்ன பங்கு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ‘நோயால எத்தனை நாள் லீவு?’ன்னு நேராக் கேட்டா பெரும்பாலானவங்க இல்லைன்னுதான் சொல்வாங்க. ஏன்னா அவங்க வேலைக்குப் போறாங்க. அறுவடைக்குப் பதிலா ஆடு மேய்க்கப் போறாங்க. எட்டு மணி நேரத்துக்குப் பதிலா அஞ்சு மணி நேரம். கனமான வேலைக்குப் பதிலா லேசான வேலை, அதுக்கேத்த குறைஞ்ச கூலி. பக்கத்துல ஜோடி ஆள் இருந்தாதான் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியும்.

நெசவாளர்களை வெச்சு ஒரு ஆய்வு 1996ல வெளியாச்சு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது உடனே புரியும். குழித்தறியில கால் ரெண்டும் குழிக்குள்ள, மிதிக்கிறது கால், நாடா ஓட்டறது கை. கால் வீங்கினவர் எப்படி நாள் பூரா மிதிப்பார்? நெசவுல இன்னொரு வசதி, உழைப்பு எவ்வளவுன்னு யாரையும் கேட்க வேண்டாம். துணியை அளந்தாப் போதும். யானைக்கால் இருந்த ஆண் நெசவாளர்களோட உற்பத்தி சுமார் 27 சதவீதம் குறைவுன்னு தெரிஞ்சது. கால் பங்குக்கு மேல! அவர் ஒரு நாள் கூட லீவு போட்டிருக்க மாட்டார். தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. துணி மட்டும் குறைஞ்சிருக்கு.

இப்படி ஒவ்வொண்ணா சேர்த்து, 2000ல ஒரு கட்டுரை போட்டாங்க. உலகத்துல இந்த நோய் இருக்கிற சுமார் 12 கோடிப் பேர்ல 40 சதவீதம் இந்தியாவுல. வைத்தியச் செலவு, இழந்த வேலை நேரம் ரெண்டையும் மட்டும் கூட்டினா, நாட்டுக்கு வருஷ நஷ்டம் குறைஞ்சபட்சம் 84 கோடி 20 லட்சம் டாலர். அப்ப டாலர் 43 ரூபாய்ச் சில்லறைன்னு வெச்சா 3,600 கோடி ரூபாய்க்குப் பக்கம். இந்த நோய் கண்டுகொள்ளப்படாம கிடந்ததுக்கு ஒரு காரணமே இப்படி ஒரு கணக்கு இல்லாததுதான்னும் அந்தக் கட்டுரை சொன்னது.

கொல்லாத நோய்க்குக் கடைசியில ஒரு எண் கிடைச்சது.

எண்ணுக்குள்ள வராதவங்க

இப்ப அந்தப் பெட்டிகளுக்கு வெளியே நிக்கறவங்களைப் பார்ப்போம்.

முதல்ல பொம்பளைங்க. கூலி வாங்காத வேலைக்கு என்ன விலை? டோரதி ரைஸ் 1966 கணக்குல, வீட்டைப் பார்த்துக்கிற பெண்ணோட உழைப்புக்கு வீட்டு வேலைக்காரங்க கூலியைப் போட்டாங்க. பூஜ்யத்துக்கு அது பரவாயில்லைன்னுதான் சொல்லணும். நம்ம நாட்டுல என்ன நிலைமை? விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகள்ல இதே கேள்விதான். ஜாம்ஷெட்பூர்ல 1989ல நடந்த தீ விபத்து வழக்குல, 2001ல உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியோட பங்களிப்பை மாசம் 3,000 ரூபாய்னு கணக்குல எடுத்தது. 2010ல இன்னொரு தீர்ப்புல, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோட சேர்த்து ‘உழைக்காதவர்’ பட்டியல்ல வெச்சிருக்கேன்னு நீதிபதிகள் கண்டிச்சாங்க. நோய்க் கணக்குல ‘உழைக்காதவர்’னு ஒருத்தரை எழுதிட்டா, அவங்க வருஷம் பூரா படுத்திருந்தாலும் மூணாவது பெட்டி காலியாத்தான் இருக்கும்.

பெட்டிக்குள்ள அடங்காதது எப்படி இருக்கும்னு பார்க்க இன்னொரு நோயைப் பாருங்க. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம். எங்க நிலக்கரிக் கம்பெனி பிறந்த அதே 1956ல ஆரம்பிச்சது. சானடோரியத்துல படுக்க வேண்டாம், வீட்டுலருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும்னு 1959ல உலகத்துக்கே காட்டினவங்க. அதுவே ஒரு பெரிய செலவுக் குறைப்புதான். அதே மையம் 1999ல 304 நோயாளிகளைப் பத்தி ஒரு செலவுக் கணக்கு வெளியிட்டது.

ஒரு நோயாளிக்குச் சராசரி நேரடிச் செலவு 2,052 ரூபாய். மறைமுகச் செலவு 3,934. மொத்தம் 5,986. மருந்து இலவசமாவே கிடைச்சாலும், செலவுல மூணுல ரெண்டு பங்கு வேலை போனதாலதான். இழந்த வேலை நாள் சராசரியா 83. வாங்கின கடன் சராசரியா 2,079 ரூபாய்.

இதோட நிறுத்தியிருந்தா அது ஒரு நல்ல பொருளாதாரக் கட்டுரை. அவங்க இன்னும் ரெண்டு கேள்வி கேட்டாங்க. பெண் நோயாளிகள்ல 15 சதவீதம் பேரைக் குடும்பமே ஒதுக்கி வெச்சிருக்கு. நோயாளிகளோட பள்ளிக்கூடப் பிள்ளைகள்ல 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தியிருக்காங்க. இன்னும் 8 சதவீதம் பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போயிருக்காங்க.

அஞ்சுல ஒரு பிள்ளை. அப்பனுக்கு ஆறேழு மாசத்துல காசநோய் குணமாகிடும். நின்னு போன பள்ளிக்கூடம்? அதை எந்தப் பெட்டியில போடறது, எத்தனை வருஷத்துக்குப் போடறது? 5,986 ரூபாய்ங்கிற எண்ணுக்குள்ள அந்தப் பிள்ளை இல்லை. ஆனா அந்தப் பிள்ளையையும் போய் எண்ணி, அதே கட்டுரையில எழுதி வெச்சாங்க பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

ரூபாய்க் கணக்குல ஏழையோட நாள் மலிவாப் போகுதுங்கிற சிக்கலுக்கு 1993ல உலக வங்கி அறிக்கை மூலமா ஒரு மாற்று வந்தது. நோயால ஒரு மனுஷன் இழக்கிற ஆரோக்கியமான வருஷங்களை எண்ணறது. பணக்காரன் வருஷமும் ஏழை வருஷமும் இதுல ஒண்ணுதான், இது பெரிய முன்னேற்றம். ஆனா ஆரம்பத்துல இதுலயும் ஒரு வில்லங்கம் இருந்தது. இருபத்தஞ்சு வயசு வாலிபனோட வருஷத்துக்கு மதிப்பு அதிகம், குழந்தைக்கும் கிழவிக்கும் குறைவுன்னு வயசுக்கு ஒரு எடை போட்டாங்க. பல பேர் சண்டை போட்டு, 2012ல வந்த பதிப்புலருந்து அதை எடுத்துட்டாங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு நோய்க்கும் எவ்வளவு கஷ்டம்னு ஒரு எண். சாவு ஒண்ணு, பூரண ஆரோக்கியம் பூஜ்யம். யானைக்காலுக்குப் போட்டது சுமார் 0.11. அதாவது அந்தக் காலோட ஒன்பது வருஷம் வாழ்ந்தா, ஒரு வருஷ ஆயுள் போனதுக்குச் சமம். பொண்ணு பார்க்க வந்தவங்க காலைப் பார்த்துட்டு எழுந்து போனது, விரைவீக்கத்தை வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு விசேஷத்துக்கே போகாம இருந்தது, எல்லாம் அந்த 0.11க்குள்ள அடங்கிடுச்சாம். நம்புங்க.

மாத்திரைக் கணக்கு

இருந்தாலும் எண் கிடைச்சதால காரியம் நடந்தது. அதைச் சொல்லாம விட்டா அநியாயம்.

யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை 1947லயே கண்டுபிடிச்சதுதான். பழைய முறையில, ராத்திரி ரத்தம் எடுத்து, புழு இருக்கிறவங்களைக் கண்டுபிடிச்சு, பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுக்கணும். செலவும் அதிகம், ஆளும் தப்பிச்சுடுவாங்க. புது யோசனை என்னன்னா, யாரையும் சோதிக்க வேண்டாம், எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க, கர்ப்பிணிகள், கடுமையா நோய்ப்பட்டவங்க மட்டும் விலக்கு. 1996-97ல நாடு முழுக்க 13 மாவட்டத்துல இதைச் சோதனையாச் செஞ்சாங்க. அதுல ஒண்ணு கடலூர். 1993ல தென்னாற்காட்டைப் பிரிச்ச புதுசு, அப்ப மாவட்டத்துக்கு வள்ளலார் பேர்.

அந்த முதல் சுற்றுக்கும் பாண்டிச்சேரி மையத்துக்காரங்க செலவுக் கணக்குப் போட்டாங்க. மாத்திரை விலை, ஜீப் டீசல், பயிற்சி, துண்டறிக்கை, ஒலிபெருக்கி எல்லாம் வெளிப்படையான செலவு. ஆனா வீடு வீடாப் போன சுகாதாரப் பணியாளரோட சம்பளம்? அரசாங்கம் அதை எப்படியும் கொடுக்கத்தான் போகுது, அதனால செலவு இல்லைங்கிறது ஒரு பார்வை. அந்த நாள்ல அவங்க செய்யாம விட்ட வேற வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கே, அதையும் சேர்க்கணும்ங்கிறது இன்னொரு பார்வை. இப்பவும் எந்தத் திட்டத்துக்கு ‘ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் செலவு’ன்னு சொன்னாலும், இந்த ரெண்டுல எதுன்னு கேட்டுப் பாருங்க. எண் மாறும்.

எத்தனை வருஷம் கொடுக்கணும்? பெரிய புழு உடம்புக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட இருக்கும், மாத்திரை முக்கியமா குட்டிப் புழுக்களைத்தான் ஒழிக்கும். இங்கதான் 1981லருந்து பாண்டிச்சேரியில எடுத்த ரத்த விவரங்கள் கை கொடுத்தது. அதை வெச்சு ராட்டர்டாம் பல்கலைக்கழகமும் பாண்டிச்சேரி மையமும் சேர்ந்து லிம்ஃபாசிம்னு ஒரு கம்ப்யூட்டர் மாதிரி செஞ்சு 1998ல வெளியிட்டாங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கற்பனை ஊர். ஒவ்வொரு ஆளும் தனித்தனி, ஒவ்வொரு ஆள் உடம்புப் புழுவும் தனித்தனி. மாத்திரை கொடுத்தா என்ன ஆகும், பாதிப் பேர் விழுங்கலைன்னா என்ன ஆகும்னு ஓட்டிப் பார்க்கலாம். இது மாதிரி கணக்குகள்லருந்து வந்த பாடம் ஒண்ணுதான். வருஷத்தோட எண்ணிக்கையை முடிவு பண்றது, எத்தனை பேர் நிஜமா மாத்திரையை விழுங்கினாங்கங்கிறது. ஊர் ஜனத்தொகையில குறைஞ்சது 65 சதவீதம் பேர் விழுங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாங்கி அலமாரியில வெச்சவங்க கணக்குல வர மாட்டாங்க.

2000ல உலகத் திட்டம் ஆரம்பிச்சது, 2004ல இந்தியா முழுக்க மாத்திரை இயக்கம். பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. 2016ல இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாம ஒழிச்சுட்டதா சான்றிதழ் வாங்கிடுச்சு. தமிழ்நாட்டுல பல மாவட்டங்கள் மாத்திரையை நிறுத்தற அளவுக்கு வந்தாச்சு. இந்தியா முழுமைக்கும் இப்ப வெச்சிருக்கிற கெடு 2027. முதல் எட்டு வருஷ உலகத் திட்டத்தால, மாத்திரை சாப்பிட்டவங்களோட வாழ்நாள்ல 2,180 கோடி டாலர் மிச்சமாகும்னு 2010ல ஒரு கணக்கு வந்தது. நெசவாளர் தறியில துணியை அளந்ததுல ஆரம்பிச்ச எண்ணோட பேரப்பிள்ளை அது.

ஏற்கெனவே வீங்கின கால்

கடைசியா ஒண்ணு. மாத்திரை புதுசா நோய் வர்றதைத் தடுக்கும். ஏற்கெனவே யானைக்காலாப் போன காலை அது திருப்பித் தராது. அதனால ‘மாத்திரையால என்ன லாபம்’ங்கிற கணக்குல, அம்பது வயசுல பெரிய காலோட உட்கார்ந்திருக்கிறவருக்கு வர்ற லாபம் ஏறக்குறைய பூஜ்யம். யாரோட கஷ்டத்தை எண்ணி 84 கோடி டாலர்ங்கிற எண்ணைக் கண்டுபிடிச்சாங்களோ, அந்த எண்ணால வந்த திட்டத்துல அவருக்கு இடம் இல்லை!

அவருக்குத் தேவை பெருசா ஒண்ணும் இல்லை. தினம் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைச்சு, புண்ணுக்குக் களிம்பு, ராத்திரி காலை உயர்த்தி வெச்சுப் படுக்கறது, சரியான செருப்பு. இவ்வளவு செஞ்சாலே அந்தக் குளிர் காய்ச்சல் வர்றது கணிசமாக் குறையும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், அவ்வளவுதான். ஆனா இதுக்குக் காசு ஒதுக்கச் சொன்னா ‘லாபம் என்ன?’ன்னு கேள்வி.

அதுக்கும் எண்ணினாங்க. ஒடிசாவுல இப்படிக் காலைப் பராமரிக்கக் கத்துக் கொடுத்த கிராமத் திட்டம் ஒண்ணை ஆராய்ஞ்சு 2016ல ஒரு கட்டுரை வந்தது. ஒரு நோயாளிக்கு வாழ்நாள்ல மிச்சமாகிற வைத்தியச் செலவும் கூலியும் 1,648 டாலர். திட்டத்துக்கு ஆன செலவைப் போல 130 மடங்குக்கு மேல. சோப்புக்கும் தண்ணிக்கும் இவ்வளவு வட்டி எந்த பேங்குல கிடைக்கும் சொல்லுங்க?

அந்த 130 மடங்கு நேத்து முளைச்சது இல்லை. கால் கழுவினா நல்லதுன்னு தெரிஞ்ச நாள்லருந்து அங்கேயேதான் இருந்தது. யாரும் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணல, அவ்வளவுதான். சிண்டன் காலத்துலருந்து இதே கதைதான் நடக்குது. எண்ணப்பட்டவன் கஷ்டத்துக்கு மருந்து வருது, எண்ணப்படாதவன் கஷ்டம் அவன் தலைவிதி ஆகிடுது.

தமிழ்நாட்டுல ரொம்ப முத்தின நிலையில இருக்கிற யானைக்கால் நோயாளிகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை தருது. உங்க தெருவுல, உங்க சொந்தத்துல அப்படி யாராவது இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிச்சுச் சொல்லுங்க. வெட்கத்துல வீட்டை விட்டு வராதவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, அவங்க பேரு எந்த லிஸ்ட்டுலயும் ஏறியிருக்காது.

உங்க ஊர்ப் பக்கம் ராத்திரி ரத்தம் எடுக்க வந்த கதை, மாத்திரையை வாங்கிச் சாக்கடையில போட்ட கதை எதுவும் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது படிச்சா கட்டாயம் எழுதுங்க. அந்த 27 சதவீதம் வீட்டுல எப்படித் தெரிஞ்சதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.